பெரியப்பா விட்டுக் கொடுத்த தண்ணீர்

“உங்க பெரியப்பா உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணாரு? ஒண்ணே ஒண்ணு சொல்லு, கேட்டுக்கறோம்.”

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர்க்கவுண்டர் காளியப்பன்தான் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். மிரட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நான் பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் முதலில் என் பெயரைத்தான் எழுதுவார்கள். அன்றைக்கு வாயைத் திறந்தேன், மூடினேன். பதில் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இப்போது பதில் தெரியும், அதனால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால், நானும் மற்றவர்களைப் போல “போனாப் போவுது” என்று சொல்லிவிடுவேன்.

பாப்பாரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் பெயர் தீர்த்தம்மாள். பெரியப்பா பெயர் சென்னப்பன், என் அப்பா மாதுவுக்கு ஒரே அண்ணன். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “சென்னப்பனா? விட்டுக் குடுக்கற மனுசன்” என்பார்கள். அந்த வார்த்தையை ஊருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவரேதான். பேச்சுக்குப் பேச்சு, “நான் விட்டுக் குடுத்துப் போறவன்” என்பார். மழை எப்போது வரும் என்று கேட்டால்கூட அந்தப் பதிலில் எங்காவது ஓரிடத்தில் இது வந்துவிடும்.

சந்தைக்குப் போக பஸ் ஏறியதும், “இருக்கட்டும், நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன்” என்பார். யாரும் அவருக்கு இடம் கொடுக்க முன்வந்திருக்க மாட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டு, பாவம், எவனாவது ஒரு பையன் எழுந்துவிடுவான். பெரியப்பா உட்கார்ந்து துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆளிடம் சொல்வார்: “எனக்கு நிக்கறது ஒண்ணும் பெரிசில்லீங்க. வேணாம்னு சொன்னா அந்தப் பையன் மனசு நோவுமில்ல?”

அவர் குடிக்க மாட்டார். பீடி பிடிக்க மாட்டார். யாரையும் அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. முக்கியமான விஷயம், அவர் பொய் சொல்கிறவரும் இல்லை. அவர் சொல்வதை எங்கள் ஊரில் எல்லோரையும்விட அதிகமாக நம்பியது அவர்தான்.

சொத்து பிரித்தபோது நான் சின்னக் குழந்தை. அம்மா சொல்லித்தான் தெரியும். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா நிலத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று கிணற்றை ஒட்டிய கீழ்க்காடு, இன்னொன்று பாறை கலந்த மேல்காடு. பிரித்துவிட்டு எல்லோர் முன்னாலும் கண் கலங்கினாராம். “தம்பி, நீ கீழ்க்காட்டையே எடுத்துக்க. நான் மூத்தவன், மேல்காட்டுல கல்லு பொறுக்கிப் பொழைச்சுக்கறேன். எனக்கு வயசாச்சு, இனிமே எனக்கு எதுக்கு?” அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழ்க்காட்டைக் கேட்க என் அப்பாவுக்கு எப்படி வாய் வரும்? மேல்காட்டை எடுத்துக்கொண்டார். பெரியப்பா அப்பாவைக் கட்டிப்பிடித்து, “உன் விருப்பம் அதுன்னா நான் குறுக்கே நிக்க மாட்டேன்” என்றாராம். அன்றிலிருந்து தம்பி ஆசைப்பட்ட நிலத்தைத் தம்பிக்கே விட்டுக் கொடுத்தவர் அவர். இதை அவர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கிணறு மட்டும் பொது. மோட்டாரும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் அவர் முறை. அப்பா இருந்தவரை அப்படித்தான் நடந்தது.

அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு பெரியப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். என் அம்மா ராமக்காள் அவர் முன்னால் வர மாட்டாள். தம்பி மனைவியும் கணவனின் அண்ணனும் நேருக்கு நேர் நின்று பேசக் கூடாது, அவர் நிழல்கூட அவள்மேல் படக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வதுபோல் சொல்வாள். அவரும் என்னிடம் சொல்வதுபோல் பதில் சொல்வார். நடுவில் நான் கம்பம்போல் நிற்பேன்.

“பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு. விடியக்காலம் இருட்டுல, பனியில, பாம்பு பல்லி நடுவுல பொம்பளை வந்து மோட்டார் போட வேணாம். இனிமே விடியக்காலத்துக் கஷ்டத்தை நான் எடுத்துக்கறேன். தினமும் நான் மொதல்ல எறைச்சுட்டுப் போயிடறேன். மத்தியானம் வெளிச்சத்துல, நிம்மதியா, நீங்க எறைச்சுக்கங்க. முன்ன ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான? இப்ப தினமும் உங்களுக்குத் தண்ணி. நான் விட்டுக் குடுத்துட்டேன்னு சொல்லு.”

கதவுக்குப் பின்னால் அம்மா அழுதாள். நன்றியில் அழுதாள்.

மழை நன்றாக இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. எண்பத்தாறாம் வருடம், நான் பத்தாவது முடித்த கோடையில், கிணறு அடியில் போய்விட்டது. கிணற்றை வைத்து வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வறண்ட காலத்தில் கிணற்றில் ஊறுவது இரவில்தான் சேரும். விடியற்காலையில் கரண்ட் வந்ததும் யார் மோட்டார் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீர். அதை இறைத்துவிட்டால், மத்தியானம் வரை ஊறுவது குடத்தில் மொள்ளும் அளவுதான். நான் மத்தியான வெயிலில் ஸ்டார்ட்டரை அழுத்துவேன். குழாய் கொஞ்ச நேரம் தண்ணீர் கக்கும், பிறகு இருமும், பிறகு காற்றை இழுக்கும். வாய்க்கால் நனைவதற்குள் முடிந்துவிடும்.

எங்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு பட்டுப்புழு. மேல்காட்டில் மல்பெரி, வீட்டில் பாதியைத் தடுத்து மூங்கில் தட்டுகளில் புழு. புழு சின்னதாக இருக்கும்போது இளந்தழையைப் பொடியாக நறுக்கித் தூவினால் போதும். நான்காவது முறை தோல் உரித்து எழுந்துவிட்டால் அவ்வளவுதான், அதற்குப் பசி தவிர வேறெதுவும் தெரியாது. கூடை கூடையாகப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் நரம்புதான் மிஞ்சும். அப்போது தழை இல்லாமல் போனால் புழு கூடு கட்டாது, செத்துப்போகும். அந்த முறை கூடு நன்றாக வந்தால் என்னை மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் மல்பெரியோ கருகிப்போய் இலை பீடிபோல் சுருண்டிருந்தது. வரப்பில் நின்று பார்த்தால் கீழே பெரியப்பாவின் மல்பெரி கறுப்பாக, தளதளவென்று ஆடியது.

“அம்மா, பழைய முறை கேக்கலாம். ஒரு நாள் நமக்கு, ஒரு நாள் அவருக்கு.”

“நமக்காகத்தான பாப்பா அவரு மாத்தினாரு?”

“அவர் காட்டைப் பாரு, நம்ம காட்டைப் பாரு. யாருக்காக மாத்தினாருன்னு தெரியும்.”

“எனக்கு வாய் கெடையாது. நான் பயந்தவ. சண்டைக்குப் போற பொம்பளை நான் இல்ல” என்றாள் அம்மா. அவள் இப்படித்தான் தன்னைப் பற்றி எப்போதும் சொல்லிக்கொள்வாள்.

நானே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பஞ்சாயத்து கூடியது. அங்கேதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்ன சொல்வது? தண்ணீரைத் திருடினாரா? இல்லை. முறையைக் குறைத்தாரா? இல்லை, கூட்டியிருக்கிறார். திட்டினாரா, அடித்தாரா? பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் ஒண்ணும் பேசலீங்க. கொழந்தை, அதுமேல எனக்கு வருத்தமில்ல. நான் பனியில நின்னு இருமி இருமிச் சாவறேன், அது எனக்குத் தெரியும், மாரியாத்தாளுக்குத் தெரியும். பத்தலையா, பகல் ராத்திரி எல்லாத்தையும் அவங்களே வெச்சுக்கட்டும். என் காட்டைத் தரிசாப் போட்டுட்டு நான் கூலிக்குப் போறேன். விட்டுக் குடுத்தே பழகிட்டேன்.”

“சேச்சே” என்றது கூட்டம். “நாலு எழுத்துப் படிச்சா இப்படித்தான்” என்றது. அம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, முக்காட்டுக்குள்ளிருந்து, “வேணாங்க, பழையபடியே இருக்கட்டுங்க, புள்ள தெரியாம பேசிடுச்சுங்க” என்றாள். பஞ்சாயத்து கலைந்தது. பெரியம்மா முனியம்மாள் மட்டும் போகிற போக்கில் என் காதோடு சொன்னாள்: “எனக்கும் நெறையா விட்டுக் குடுத்திருக்காரு கண்ணு. கழுத்துல பாரு.” அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

புழு நான்காவது தோலை உரித்து எழுந்தது. தட்டைத் திறந்தால் அத்தனையும் தலையைத் தூக்கி ஆட்டும். கொடு, கொடு என்று கேட்பதுபோல் இருக்கும். என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் விடியலில், அம்மாவிடம் சொல்லாமல், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டேன். தண்ணீர் கனமாக விழுந்தது. மேல்காட்டுப் பக்கம் மடையைத் திருப்பிவிட்டேன். முதல் பாத்தியை அது தொட்டிருக்கும். பெரியப்பா வந்தார்.

சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். சண்டைக்குத் தயாராகவும் இருந்தேன். அந்தக் கோடையிலும் அவர் தன் போர்வையை எடுத்து என் தோளில் போட்டார்.

“அய்யய்யோ, பனியில நிக்கறியே பாப்பா! சளி புடிச்சா யாரு பாக்கறது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே. குடு இப்படி.”

மண்வெட்டியை என் கையிலிருந்து பிடுங்கவில்லை. வாங்கிக்கொண்டார். பேசிக்கொண்டே, என் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே, குனிந்து இரண்டு வெட்டு மண்ணை எடுத்துப் போட்டு மடையை அடைத்தார். இன்னொரு வெட்டில் தன் காட்டு மடையைத் திறந்தார். தண்ணீர் திரும்பி அவர் மல்பெரிக்குள் ஓடியது.

“நீ போ கண்ணு. வூட்ல போய்ச் சூடா எதனா குடி. உங்களுக்காகத்தான் நான் இந்தக் கஷ்டப்படறேன்.”

அவர் கையையும் பார்த்தேன், முகத்தையும் பார்த்தேன். கை என்ன செய்கிறது என்று அந்த முகத்துக்குத் தெரியவே தெரியாது. உண்மையான பாசம் இருந்தது அந்த முகத்தில். அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. அவருடைய போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். ஊர்க்கவுண்டர் கேட்ட கேள்விக்கான பதில் அப்போதுதான் எனக்கு வந்தது. இவர் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்வதையெல்லாம் எங்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். எடுத்துக்கொண்டு, அதற்கு எங்களையே நன்றியும் சொல்ல வைக்கிறார். பறிகொடுத்தவன் குறைந்தபட்சம் கத்தவாவது செய்யலாம். எங்களுக்கு அதுவும் இல்லை. இதுதான் கெடுதல். போர்வையை வரப்பில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டொரு நாளில் தட்டுகளில் புழு வதங்க ஆரம்பித்தது. புழு கூடு கட்டுவதற்கு வைக்கிற பெரிய மூங்கில் தட்டைச் சந்திரிகை என்போம். அதை வாடகைக்குக் கொடுக்கிற அப்துல் சுபான் பாய் அன்றைக்குத்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தவர், “யா அல்லா, பாதி போயிடுச்சே தங்கச்சி” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து பெரியப்பா தலையில் ஒரு கட்டுத் தழையோடு வந்தார். கறுத்த, தடித்த, எங்கள் தண்ணீரில் வளர்ந்த தழை.

“பாப்பா, உங்கம்மாவைப் போடச் சொல்லு. என் புழுவுக்கே பத்தல. இருந்தாலும் தம்பி வூடு பட்டினி கெடக்க நான் திங்கறதா? நமக்கு விட்டுக் குடுத்துத்தான பழக்கம்? பாருங்க பாய், நீங்களே சாட்சி.”

புழு பசியில் இருக்கும்போது தழையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. நான் கட்டை அவிழ்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“பாப்பா, அவரைக் கேளு. தழைக்கு நன்றிங்க. ஆனா விட்டுக் குடுக்கறதுன்னா, விடியக்கால முறையை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பழையபடி விட்டுக் குடுப்பாரான்னு கேளு.”

பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். “உங்கம்மாகிட்ட சொல்லு. பனி ஆவாது.”

“பனியை நான் பாத்துக்கறேன்னு சொல்லு.”

“பாம்பு இருக்குதுன்னு சொல்லு.”

“பாம்பு என்னைக் கடிச்சா கடிச்சுட்டுப் போவட்டும்னு சொல்லு.”

நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் எல்லாம் கேட்டது. பெரியப்பாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. “அதை மட்டும் கேக்க வேணாம்னு சொல்லு பாப்பா. அது அவங்க நன்மைக்குப் பண்ணது.”

சுபான் பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “ஏண்ணே, கேக்காததையெல்லாம் தலையில தூக்கிக்கினு வந்து குடுக்கறீங்க, கேட்டதைக் குடுக்க மாட்டேங்கறீங்களே” என்றார்.

“உங்களுக்கு வெவசாயம் தெரியாது பாய்” என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா தழை கட்டி வந்த கயிற்றைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தழையை எடுத்துப் புழுவுக்குப் போட்டாள். அந்த முறை கூடு பாதிகூடத் தேறவில்லை. பள்ளியில் சேரும் நாளும் போய்விட்டது.

அடுத்த புழு முட்டை வாங்குவதற்கு முன் ஒரு நாள் அம்மா என்னை எழுப்பினாள். இன்னும் விடியவில்லை. “வா” என்றாள். கிணற்றுக்குப் போனோம். மோட்டார் கொட்டாயில் ஸ்டார்ட்டர் பலகை சுவரில் இருக்கும். கரண்ட் வந்ததும் அதை அழுத்திவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து அம்மா உட்கார்ந்துகொண்டாள். நான் மேல்காட்டு மடையில் நின்றேன், இந்த முறை மண்வெட்டியை யாரிடமும் கொடுப்பதில்லை என்று.

பெரியப்பா வந்தார். கொட்டாய்க்குள் நுழையக் காலை வைத்தவர், அம்மாவைப் பார்த்ததும் பின்வாங்கி வெளியே நின்றார். வழக்கப்படி என்னைத் தேடினார்.

“பாப்பா, என்ன இது? உங்கம்மாகிட்ட சொல்லு...”

“எங்கிட்டயே சொல்லுங்க மாமா” என்றாள் அம்மா.

என் வாழ்நாளில் அவள் அவரிடம் நேராகப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னிக்கு எங்க நாள். நாளைக்கு உங்க நாள். மத்தியானத் தண்ணி எனக்கு வேணாம், அது இனிமே எனக்கு நீங்க குடுத்ததா இருக்க வேணாம். நிறுத்தணும்னா உள்ள வந்து என்னைத் தள்ளிட்டு நிறுத்துங்க.”

தம்பி மனைவியை அவர் தொட முடியாது. தொட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அவர் சுற்றிலும் பார்த்தார். அழுது காட்ட ஊர் இல்லை, சாட்சிக்குப் பாய் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை. வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார். எங்கள் மேல்காட்டில் கடைசிப் பாத்தி வரை தண்ணீர் போனது. அம்மா அதன் பிறகு தன் நாள் ஒவ்வொன்றிலும் அங்கே போய் உட்கார்ந்தாள். வாய் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே அம்மா.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பாப்பாரப்பட்டி சந்தையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நீ மாது பொண்ணுதான? உங்க பெரியப்பா மாதிரி மனுசன் கெடைக்கணும் தாயி. விடியக்காலத் தண்ணியையே உங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாராமே! பஸ்ஸுல சொன்னாரு. சொல்லும்போது கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு.”

நான் அவரிடமே போய்க் கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை, மழுப்பவில்லை. என் தலையில் கை வைத்து, “நான்தான பாப்பா எந்திரிச்சு வந்தேன்? நெனச்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா? உங்களுக்காக விட்டுக் குடுத்துட்டேன்” என்றார். அவர் அதை நம்புகிறார். ஊர்க்கவுண்டரும் நம்புகிறார். இன்னும் கொஞ்ச நாளில் என் அம்மாவைக்கூட நம்ப வைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் அவளே, “என்ன இருந்தாலும் அவரு சண்டை போடலையே” என்றாள். நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

அவர் கதை பஸ்ஸில் போகிறது, சந்தைக்குப் போகிறது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. என் கதைக்கு இந்தக் காகிதம்தான் இருக்கிறது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், முக்கியமாக மத்தியான முறையில் தண்ணீர் இறைக்கிற பெண்களுக்கு. பெயரை மாற்ற வேண்டாம். சென்னப்பன் கொடுக்கவில்லை, ராமக்காள் எடுத்தாள் என்று சொல்லுங்கள். பஸ்ஸில் சொல்லுங்கள். அவர் அந்த பஸ்ஸில் இருந்தாலும் சொல்லுங்கள். தன் பெயரைக் கேட்ட பிறகும், “எவனோ அநியாயக்காரன், பாவம் அந்தப் பொம்பளை” என்பார். என்றாலும் நிறுத்தாதீர்கள்.